அப்புறம்?

கோத்தகிரிக்குக் கீழே, மூடிப்போன தேயிலை ஃபேக்டரி.
இலை வாட்டிய மாடிதான் இப்போது ஸ்டுடியோ.
நாள் வாடகை ஆறாயிரம்,
ஜெனரேட்டர் டீசல் தனி.
ஒலிப்பதிவு நான். எனக்கு வாசிக்கத் தெரியாது.
வாசிக்கிறவர்கள் எங்கே மூச்சு வாங்குகிறார்கள் என்று தெரியும்.

பத்து மணிக்குத் தவசீலன் போன் செய்தான்.
நடுவட்டத்தில் கற்பூரமரம் சாய்ந்து ரோடு அடைப்பு.
வேனுக்குள் டிரம்ஸும் அவனும்,
முன்னால் மலப்புரத்துக் கல்யாண பஸ்.
"நீங்க ஆரம்பிங்க."

எதை?
பாட்டு என்று ஒன்றும் இல்லை. வந்து பார்த்துக்கொள்ளலாம்
என்பதுதான் ஒப்பந்தம்.
மெர்லின் கையில் இருந்த ஒரே தாள்
குன்னூர் பேக்கரி பில்.

டபுள் பேஸை மரப்படியில் மல்லாத்தி ஏற்றினான் போஜன்.
"பொணம் மாதிரி தூக்காதே."
"பொணம் இதைவிட லேசுக்கா."
அமீன் பேசவில்லை. சாக்ஸபோன் ரீடு வாயில் ஊறிக்கொண்டிருந்தது.
திருச்சியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்தவன்,
இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் என் ஜெர்கின்.

முதல் டேக்
பந்தியில் கடைசி வடைக்கு முன் உட்கார்ந்த மூன்று பேர்.
நீங்க எடுங்க.
இல்லை, நீங்க.
நாலு நிமிடம். யாரும் எடுக்கவில்லை.

இரண்டாவதில்
பியானோவின் நடுக்கட்டை ஒன்று அமுங்கியது, எழவில்லை.
மிஷன் பள்ளி ஏலத்தில் வந்த பியானோ,
மூன்று மாசப் பனியைக் குடித்திருக்கிறது.
மெர்லின் அதை விரலால் நெம்பாமல்
செத்த கட்டையையே திரும்பத் தட்டினாள்.
டொக்.
சுரம் இல்லை, மரம்.
டொக்.
அமீனுக்குச் சிரிப்பு வந்து
காற்று மட்டும் போனது குழாயில்.
அந்தக் காற்றுக்குக் கீழே, கொஞ்சம் லேட்டாக,
போஜன் ஒரு கம்பியை விட்டான்.

அப்போதுதான் கவனித்தேன்:
தவசீலன் இருந்திருந்தால் அடித்திருக்கக்கூடிய இடங்களில்
ஒருவரும் கால் வைக்கவில்லை.
நேற்று பூசிய சிமெண்டைச் சுற்றிப் போவதுபோல்
ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள்.

இடது மைக்கில் ஏதோ உரசல்.
ஹெட்போனை அழுத்திக் கேட்டேன். கரண்ட் இரைச்சல் இல்லை.
காட்டெருமை,
ஃபேக்டரிச் சுவரில் முதுகு தேய்க்கிறது.
விரட்டப் போனால் கதவு கத்தும்.
தேய்க்கட்டும்.

பதினோராம் நிமிடம், கரண்ட் போனது.

மீட்டர் முள் படுத்தது. மெஷின் இருண்டது.
ஜெனரேட்டரைக் கிளப்பினால் அதுதான் பாட்டாகும்.
நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் திறந்தேன்.
அமீன் கண்ணை மூடியிருந்தான்.
மெர்லின் முகத்தில் ஜன்னல் பனியின் வெளிச்சம் மட்டும்.
வாயை மூடிக்கொண்டேன்.
ஒரு கூலி வேலைக்காரன்
வேலையில்லாமல் உட்கார்ந்து கேட்டேன்.

அதைப் பற்றி எழுத முடியாது.
எழுத முடிந்தால் மைக் எதற்கு?

நாலு மணிக்குத் தவசீலன் வந்தான்,
பேன்ட் முழங்கால் வரை செம்மண்,
கல்யாண பஸ்ஸில் கொடுத்த பிரியாணிப் பொட்டலம் கையில்.
கரண்டும் அவனோடு வந்ததுபோல் வந்தது.
போட்டுக் காட்டினேன்.
பொட்டலத்தைப் பிரிக்காமல் கேட்டான்,
பதினோரு நிமிடமும்.
டொக் வரும் இடங்களில் அவன் பெருவிரல் மட்டும்
தொடையில் எழுந்து, அடிக்காமல், இறங்கியது.

வெட்டுப்பட்டு நின்றது.
"அப்புறம்?"

"மெதுவா அடங்குச்சு" என்றான் அமீன்.
"அடங்கவா? ஏறிக்கிட்டே போச்சு" என்றாள் மெர்லின்.
போஜன் பேஸின் கழுத்தைத் துடைத்தபடி,
"கரண்ட் போனதுமே நான் நிறுத்திட்டேன்.
நீங்க ரெண்டு பேரும்தானே வாசிச்சீங்க?"

நான் கேட்டேனே, பேஸை.
கடைசிவரை கேட்டேனே.
சொல்லவில்லை. சுவருக்கு வெளியே போய்ப் பார்த்தேன்:
மிதிபட்ட புல், காரையில் பளபளக்கும் ஒரு தேய்மானம்,
சூடு ஆறாத சாணி.

உள்ளே தவசீலன் சிம்பலை மாட்டி
திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தான்.
பிரியாணியை நாலாகப் பிரித்து, என்னைப் பார்த்து, ஐந்தாக்கினாள் மெர்லின்.

"சரி, அப்புறத்துலேருந்தே போலாம்" என்றான்.
இந்த முறை அவன் வேன் பேட்டரியிலிருந்து
மெஷினுக்கு ஒரு ஒயர் இழுத்திருந்தேன்.
சிவப்பு விளக்கு எரிந்தது.
யாரும் தொடங்கவில்லை.
அதுவும் பதிவாகிக்கொண்டிருந்தது.